நோய்க்குப் பேர் கேட்ட முதலாளி

கால் பிடித்துக்கொள்கிறது என்று யாரிடம் சொன்னாலும், அடுத்த நிமிடமே அவர்கள் தங்கள் காலைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு உதறு உதறினால் போய்விடும் என்பார்கள். எனக்கு வந்தது அது இல்லை. கெண்டைக்கால் சதை கல்லாகி மேலே ஏறும். பாதம் வளைந்து, விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். சில நாள் தொடையும் சேர்ந்துகொள்ளும். கால்மணி நேரம், சமயத்தில் அரைமணி நேரம் அப்படியே நிற்கும். அலறாமல் இருக்க எதையாவது கடிக்க வேண்டும். நான் கடித்ததெல்லாம் துணி. கைக்கு எட்டும் தூரத்தில் வேறு எதுவும் இருந்ததில்லை.

எழுபதுகளின் நடுவில் மலையாளத்து ஊர் ஒன்றில், சாலை என்னும் கடைத்தெருவில், ஒரு சேலைக்கடையில் வேலை பார்த்தேன். முதலாளி திருநெல்வேலிக்காரர். நான் நாகர்கோவில் பக்கம். வலியசாலையில் ஒரு வீட்டின் பின்கட்டில் மனைவி, கைக்குழந்தையோடு குடியிருந்தேன். கடையில் மெத்தை போட்டு வெள்ளை விரித்திருக்கும். நாங்கள் ஒரு பக்கம் சம்மணம் போட்டு உட்காருவோம், சேலை வாங்க வருகிறவர்கள் எதிரே உட்காருவார்கள். நடுவில் சேலை மலைபோலக் குவியும்.

முதல் தடவை பிடித்தபோது ஒரு கல்யாண வீட்டாருக்குப் பட்டு விரித்துக்கொண்டிருந்தேன். மடக்கிய கால் பூட்டிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். பெண்ணின் அத்தை, தான் கேட்ட விலை குறைவு என்பதால்தான் நான் அப்படிப் பார்க்கிறேன் என்று நினைத்துவிட்டாள். நான் வாயே திறக்கவில்லை. அவளாகவே இரண்டு முறை விலையைக் கூட்டிச் சொன்னாள். அன்று முதலாளி எனக்குச் சர்பத் வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் நான்கு தடவை வந்தது. நான்காவது தடவை மெத்தையில் உருண்டு, மடித்து வைத்திருந்த பட்டின்மேல் விழுந்து கசக்கிவிட்டேன். முதலாளி கூப்பிட்டார்.

“வே, ஒமக்கு என்ன சீக்கு?”

“தெரியல முதலாளி.”

“தெரியலன்னு ஒரு சீக்கு உண்டா? மஞ்சக்காமாலைன்னா மஞ்சக்காமாலை, டைபாய்டுன்னா டைபாய்டு. லீவு தாரேன், கஞ்சிக்கும் தாரேன். பேரே இல்லாத சீக்குக்கு எப்படிவே தருவேன்? போன வருசம் ஓணத்துக்கு ஒருத்தன் வயித்துவலின்னான். சாயங்காலம் ஓண ஊர்வலத்துல குழல் ஊதிக்கிட்டு நின்னான். ஓணத்துக்கு முன்ன பேரைக் கொண்டாரும். இல்லன்னா ஊரப் பாத்துப் போம்.”

ஓணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. நோய்க்கு ஒரு பெயர் கிடைக்காவிட்டால் வேலை போய்விடும். வேறு வேலை எனக்குத் தெரியாது. என் கைக்குத் தெரிந்ததெல்லாம் சேலை விரிப்பதும் மடிப்பதும்தான்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். ரத்தம் எடுத்தார்கள், மூத்திரம் கேட்டார்கள், படம் பிடித்தார்கள். டாக்டர் என் காலை அமுக்கிப் பார்த்தார். நல்ல கால். குறை சொல்ல ஒன்றுமில்லை.

“வலி வரும்போ வா. அப்போ நோக்கலாம்,” என்றார்.

வலி என்ன என் தங்கச்சி மாப்பிள்ளையா, சொன்ன நேரத்துக்கு வர? இருந்தாலும் வேலைக்குப் போகாமல் இரண்டு நாள் அவர் அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்தேன். சம்மணம்கூடப் போட்டுப் பார்த்தேன். நர்ஸ் திட்டினாள். வரவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் வெறுத்துப்போய் வெளியே வந்து பஸ்ஸில் ஒரு காலை வைத்தேன், பிடித்தது. கண்டக்டர் ஏறச் சொல்கிறான், என்னால் ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் ஓடினார்கள். டாக்டர் முன்னால் இறக்கிவைத்ததும் விட்டுவிட்டது. அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கவில்லை. ஆங்கிலத்தில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

முதலாளி அதைக் கணக்கப்பிள்ளையிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். “நோய் எதுவும் காணவில்லை” என்று எழுதியிருந்தது.

“டாக்டரே சொல்லிட்டாரே வே! சீக்கே இல்லையாம். பொறவு ஏன் கெடந்து உருளுதீரு?”

என்னோடு வேலை பார்த்தவர்களில் வித்துரா என்ற மலையோர ஊர்க்காரன் ஒருவன் இருந்தான். மலையாளி. என்னைவிட வயதில் சின்னவன். “அண்ணா, எங்க ஊர்ல ஒரு வைத்தியன் உண்டு. ஆள் பயங்கரமாக்கும். நாடி பிடிச்சா மதி, அது போதும், பேரு சொல்லும்,” என்றான். ஞாயிற்றுக்கிழமை அவனோடு பஸ் ஏறினேன்.

வைத்தியர் நாடியைப் பிடித்தார், கண்ணை மூடினார், சம்ஸ்கிருதத்தில் எதையோ சொன்னார். கடைசியில் பெயர் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். வித்துராக்காரன் விளக்கினான்: “வாதம் எண்பது வகை உண்டாம் அண்ணா. இது அதுல ஒண்ணு.”

“எண்பதுல எது?”

அவன் கேட்டான். வைத்தியர் சிரித்தார். எண்ணெய் தேய்த்து, உப்பும் புளியும் இல்லாமல் நாற்பத்தொரு நாள் பத்தியம் இருந்தால் தானே தெரியும் என்றார். நாற்பத்தொன்றாவது நாள் ஓணத்துக்கு அப்புறம் வந்தது. இருந்தும் ஆரம்பித்தேன். வேறு என்ன செய்வது?

உப்பில்லாத கஞ்சியைக் குடித்துவிட்டுக் காலில் எண்ணெயோடு கடைக்குப் போனேன். வெள்ளை விரிப்பில் எண்ணெய் படும் என்று முதலாளி கத்தினார். பத்திரிகைத் தாளை விரித்து அதன்மேல் உட்கார்ந்தேன். எழுந்தால் தாள் கூடவே வந்தது. உரித்தால் எழுத்து இடவலம் மாறிக் காலில் நின்றது. சேலை வாங்க வந்த ஒரு வாத்தியார் குனிந்து என் கெண்டைக்காலில் மந்திரிசபைச் செய்தியைப் படித்தார், மிச்சத்தைப் படிக்க மற்றக் காலைக் காட்டச் சொன்னார். பிடிப்பு குறையவில்லை. முன்பைவிட அதிகமானது. நான் எங்கேயோ திருட்டுத்தனமாக உப்பு தின்கிறேன் என்று வைத்தியர் சொல்லி அனுப்பினார்.

“இந்த ஆளு ஒங்களக் கொன்னுட்டு, அதுக்கு ஒரு பேரு வைப்பான்,” என்றாள் என் மனைவி. அன்றே கஞ்சியில் உப்பைப் போட்டாள்.

பெயர் இல்லாமலே ஓணம் வந்துவிட்டது. திருவோணத்துக்கு முந்தின நாள், உத்திராடத்தன்று, கடையில் கால் வைக்க இடமில்லை. இந்தக் கூட்டம் முடியட்டும், நாளன்றைக்கு ஊருக்குப் போம் என்று முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார்.

கூட்ட நாளில் மெத்தையைச் சுருட்டிவிட்டு நின்றுகொண்டே விற்போம். உடுத்தினால் எப்படி இருக்கும் என்று காட்ட, சேலையை நாங்களே சட்டைக்குமேல் சுற்றி, இடுப்பில் கொசுவம் பிடித்து, முந்தானையைத் தோளில் போட்டுக்கொள்வோம். மீசை வைத்த ஆண்கள் இப்படி நிற்பதை எந்தப் பெண்ணும் அந்தக் காலத்தில் விசித்திரமாகப் பார்த்ததில்லை. நான் மாம்பழ மஞ்சள் நைலக்ஸ் சேலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு திரும்பினேன். பிடித்தது. இரண்டு காலும் சேர்ந்து.

விழ இடமில்லை. ஒரு கையால் அலமாரியைப் பிடித்தேன். ஒரு முழங்கால் மடங்கி இடுப்பு ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டது. தலை பின்னால் சாய்ந்தது. கத்தாமல் இருக்க முந்தானையை வாயில் கடித்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது.

கூட்டம் முழுதும் என் பக்கம் திரும்பியது. ஒரு அம்மாள் நான் நிற்கும் நிற்பைப் பக்கத்தில் இருந்தவளுக்குக் காட்டிச் சொன்னாள்: “அய்யோ, நில்பு நோக்கடீ! அந்த மஞ்சள் எனிக்கு வேணும்.”

“எனிக்கும்!”

வித்துராக்காரனுக்கு என்ன நடந்தது என்று தெரியும். என் முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஓடிவந்து தாங்கிப் பிடிப்பான் என்று நினைத்தேன். வந்தான். காதோரம் சொன்னான்: “அண்ணா, அனங்காதீங்க. ஒரு அஞ்சு நிமிஷம்கூடி.” இன்னும் ஐந்து நிமிடம் அசையக் கூடாதாம். நான் அவன் அப்பனை, தாத்தனை எல்லாம் முந்தானைக்குள்ளேயே திட்டினேன். அவன் என் தோளில் இருந்த முந்தானையை நேராக்கிவிட்டு விற்கப் போய்விட்டான். மஞ்சள் தீர்ந்தது. பிறகு அதே நிற்பில் இருந்த என்மேல் பச்சையைப் போட்டார்கள்.

முதலாளி கல்லாவிலிருந்து அடிக்கிற மாதிரி எழுந்து வந்தவர், சேலை போகிற வேகத்தைப் பார்த்துப் பாதி வழியில் நின்றுவிட்டார். திருவோணம் முடிந்து நான் பெட்டியோடு விடைபெறப் போனபோது, என் பெட்டியை உள்ளே கொண்டு வைக்கச் சொன்னார்.

“இனி நீரு உக்காராண்டாம். வாசப்பக்கம் நில்லும்.”

“சீக்குக்குப் பேரு இன்னும் கெடைக்கல முதலாளி.”

“அது கெடக்கட்டும்வே.”

அந்தக் கடையில் இன்னும் ஆறு வருடம் நின்றேன். பிடிப்பு போகவில்லை, காரணமும் தெரியவில்லை. அதற்கப்புறம் பார்த்த டாக்டர்களும் சும்மா காலை அமுக்கினார்கள். நான் பட்ட வேதனையைவிட எனக்கு அதிகக் கோபத்தைத் தந்தது வேறு ஒன்று. கூட்டம் இருக்கிற நாளில் கால் சுகமாக இருந்தால் முதலாளிக்கு முகம் வாடிவிடும். மத்தியானத்துக்குமேல் மெதுவாகப் பக்கத்தில் வந்து, “என்னவே, இன்னும் வரலையா?” என்று கேட்பார். எத்தனையோ நாள் வராத வலியை வந்ததாகக் காட்டி, நல்ல காலை முறுக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன். வீட்டுக்குப் போனதும் என் மனைவி இன்றைக்கு என்ன வண்ணச் சேலை என்று கேட்பாள், பிடித்தது நிஜமா பொய்யா என்று கேட்பாள். பொய் என்றால் அன்றைக்கு எண்ணெய் தேய்க்கமாட்டாள்.