முன் சீற்றுக்கு நான் கூப்பிட்ட ஆள்

வணக்கம் பிள்ளையள். எல்லாரும் சுகமோ? இந்த மழைக்குக் காய்ச்சல் ஒண்டும் இல்லையே? உங்கடை பூரணம் ஆச்சி இருக்கிறன். சுகமெண்டு சொல்ல ஏலாது. ஏனெண்டதைத்தான் எழுத வந்தனான்.

இது நடந்தது. என் கண்ணால் கண்டது. "ஆச்சி கதை விடுறா" என்று கீழே எழுத நினைக்கிறவர்கள் இப்பவே எழும்பிப் போகலாம். இந்த வருசம் தொடங்கும்வரை நானும் பேய்க் கதை சொல்பவர்களைப் பார்த்துச் சிரித்தவள்தான்.

எங்கள் வீடு புத்தூரில். என் மனுசன் நமசிவாயம் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஒரு கால் மடங்காது. கிழமைக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணம் ஆசுப்பத்திரிக்குப் பயிற்சிக்குக் கொண்டுபோக வேண்டும். ஓட்டோ ஒவ்வொரு குழியிலும் விழும்போது அவர் பல்லைக் கடிப்பதை எத்தனை நாள் பார்ப்பது? முன் சீற்றைச் சரித்துக் கால் நீட்டி இருக்க ஒரு கார் வேண்டும். அவ்வளவுதான்.

மகன் கோகுலன் புதுக் கார்தான் வேண்டுமென்று நின்றான். கொழும்பில் பதிந்தால் மூன்று மாசத்தில் வருமாம்.

"பழசு வாங்கினா சனம் என்னம்மா சொல்லும்?"

"சனமே உன்ரை அப்பரைத் தூக்கிக்கொண்டு போகுது?"

இந்தப் புதுக் கார்க்காரரை எனக்குத் தெரியாதா? சீற்றில் சுற்றி வருகிற கண்ணாடிக் கடதாசியை வருசக்கணக்காய்க் கழற்ற மாட்டார்கள். வியர்த்து முதுகில் ஒட்டினாலும் பரவாயில்லை, கோயில் வாசலில் நிற்பவன் புதுசென்று அறிய வேண்டும். தூ! பழசே பார் என்றேன்.

புரோக்கர் சுபாஸ் வந்தான். "டொக்டர் ஓடின கார், அன்ரி. ஒரு கைதான் பாவிச்சது."

யாழ்ப்பாணத்தில் விலைக்கு வரும் கார் எல்லாம் டொக்டர் ஓடினதுதான். அவ்வளவு டொக்டர்மார் இருந்தால் நாங்கள் ஏன் விடிய எழும்பிப் போய் நம்பர் எடுக்கிறோம்?

உடுப்பிட்டிக்குப் போனோம். பின்னேரம் 5.50. முற்றத்தில் சாம்பல் நிறக் கார். வீட்டுக்காரி சிவகௌரி சாவியைச் சுபாசிடம் கொடுத்துவிட்டு விளக்கேற்ற உள்ளே போனாள்.

விறாந்தைக் கதிரையில் ஒரு வயதானவர் இருந்தார். வெள்ளை வேட்டி. தோளில் பச்சைக் கரைத் துவாய். வலது காலில் செருப்பு. இடது கால் வெறும் கால். வணக்கம் என்றேன். கார் களவெடுக்க வந்தவர்களைப் பார்ப்பதுபோல் ஒரு பார்வை. எனக்குக் கோபம் ஏறிவிட்டது.

"எங்களிலை நம்பிக்கை இல்லையெண்டா நீங்களும் ஏறி வாங்கோவன் அண்ணை!"

நக்கலாய்த்தான் சொன்னேன்.

கோகுலன் குனிந்து டயரைத் தட்டிக்கொண்டிருந்தான். "ஆரோடையம்மா கதைக்கிறியள்?"

"பேசாமல் காரை எடு."

6.12. சுபாஸ் போனில் கதைத்தபடி வாசல் படலையில் நின்றுவிட்டான். கோகுலன் ஓட்டினான். முன்னுக்கு இருக்க எனக்குப் பயம், நான் பின் சீற்றில். அவனுக்குப் பக்கத்துச் சீற் வெறுமை.

6.19. வல்லை வெளி. இருட்டுப் படுகிற நேரம். காற்று மட்டும்.

டிங்... டிங்... டிங்...

"என்னடா அது?"

"பக்கத்திலை இருக்கிற ஆள் பெல்ற் போடாட்டி அடிக்கும்."

"ஆள் எங்கை?"

"சென்சர் பழுது போலை."

"டொக்டர் ஓடின கார்தானே!" சிரித்தேன்.

டிங்... டிங்...

அப்போதுதான் கண்டேன். முன் சீற்றின் நடுவில் ஒரு பள்ளம். கார் குலுங்கும்போது அது அமர்ந்தது. பிறகு எழும்பியது. திரும்ப அமர்ந்தது.

சிரிப்பு நின்றது.

6.23. பெல்ற் இழுபட்டது. தானாக. மெதுவாய்...

சர்ர்ர்...

டக்.

டிங் சத்தம் நின்றது.

வெறும் சீற்றுக்குக் குறுக்கே பெல்ற். வயிறு இருக்க வேண்டிய இடத்தில் புடைத்தபடி.

கோகுலன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. "அம்மா... கதைக்காதேங்கோ."

காரைத் திருப்பினான்.

6.35. முற்றம். இறங்கி ஓடினேன். விறாந்தைக் கதிரை வெறுமை.

சிவகௌரி வந்தாள். அவளுக்குப் பின்னால், மண்டபச் சுவரில், மாலை போட்ட படம். அதே முகம். அதே துவாய். கை நீட்டிக் காட்டினேன்.

"இவர்தான் என்ரை அவர், அக்கா. முப்பத்தொண்டாம் நாள் காரியம் முந்தநாள்தான் முடிஞ்சது. நெஞ்சு நோவெண்டு இந்தக் காரிலைதான் கொண்டு ஓடினது. ஏத்தின அவசரத்திலை ஒரு செருப்பு முற்றத்திலை விழுந்திட்டுது. வழியிலையே முடிஞ்சுது."

"டொக்டரோ?"

"இல்லையக்கா, தபால் கந்தோரிலை கிளாக்கர். காரெண்டா உயிர். ஆர் எடுத்தாலும் பக்கத்திலை ஏறி இருந்துதான் விடுவார்."

சுபாஸ் நிலத்தைப் பார்த்தான். அவனுக்கு அன்று நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

செத்தும் காரை விடாத மனுசன்! ஒருவரும் சாகாத கார் எடு என்று கோகுலனிடம் நானே சொன்னேன். புதுசைப் பதிந்தான். இந்த விசயம் ஒன்றும் என் மனுசனுக்குச் சொல்லவில்லை. வருத்தக்காரரைப் பயப்படுத்துவானேன்?

கார் வந்து மூன்று கிழமை. பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்து, நாலு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசித்து, வீட்டுக்குக் கொண்டுவந்தோம். சீற்றில் கண்ணாடிக் கடதாசி கழற்றவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆசுப்பத்திரிக்கு முதல் பயணம். காலை 9.05. நல்ல வெயில். என் மனுசன் பொல்லை ஊன்றி வந்து முன் கதவைத் திறந்தார்.

நின்றார்.

மெல்லச் சாத்தினார். பின் கதவைத் திறந்து, மடங்காத காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தார். பல்லைக் கடித்தபடி.

"ஏனப்பா, முன்னுக்கு இருங்கோவன்?"

"ஆள் இருக்குதெல்லே. ஆர், பூரணம், அந்த அண்ணை? பாவம், ஒரு காலுக்குச் செருப்பும் இல்லை..."

கோகுலன் ஸ்ராட் பண்ணினான்.

டிங்... டிங்...

கண்ணாடிக் கடதாசி நெரிந்தது.

டக்.

இண்டைக்கும் இவர் பின்னுக்குத்தான், காலை மடக்க ஏலாமல். உங்கடை வாகனங்களிலையும் இப்பிடி ஏதும் நடந்திருந்தா எழுதுங்கோ பிள்ளையள். ஏறச் சொன்னது நான். எப்பிடி இறக்கிறதெண்டு தெரிஞ்ச ஆக்கள் முதல் எழுதுங்கோ. வியாழக்கிழமை திரும்பவும் ஆசுப்பத்திரிக்குப் போகோணும்.