நாலு விரற்கடை தூரம்

என் வீட்டுக்காரர் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் பாட்டுப் போட்டி பார்ப்பார். பார்ப்பார் என்று சொல்வதே தப்பு. நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இடது காதை மட்டும் டிவிக்குக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். "மூஞ்சியப் பாத்தா காது ஏமாந்துரும்" என்பது அவர் கட்சி. என்னைப் பெண் பார்க்க வந்தபோதும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தீர்களா என்று ஒருநாள் கேட்டேன். "அப்படி ஒக்காந்திருந்தா தப்பிச்சிருப்பேன்" என்றார். அன்றைக்கு அவர் குழம்பில் உப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் விழுந்தது.

பெயர் டேவிட்சன். பூதலூரிலிருந்து கிழக்கே மூன்று கிலோமீட்டர் எங்கள் ஊர். சுற்றுவட்டாரத்தில் மைக்செட்டு டேவிட்சனைத் தெரியாதவர்கள் கிடையாது. என் மாமனார் லுத்தரன் சபையில் உபதேசியார். மகனையும் அந்த வேலைக்குத்தான் தயார் செய்தார். மகனோ பிரசங்கத்தை விட்டுவிட்டு, அது வருகிற ஒலிபெருக்கிக் குழாயையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். பத்தாவது முடித்த கையோடு தஞ்சாவூரில் ஒரு ரேடியோக் கடையில் சேர்ந்து வேலை கற்றார். இருபத்தேழு வருடமாகக் கோயில் திருவிழா, சர்ச் பண்டிகை, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் செட்டுதான்.

ஆளுக்கு ஒரு பெருமை இருக்கும். இவருக்கு, தன் செட்டு கத்தாது என்பதில். மைக்குக்குள் குழாயின் சத்தம் திரும்பப் போய்விட்டால் கூவென்று ஒரு ஊளை கிளம்புமே, தாலி கட்டுகிற நேரத்தில் மாப்பிள்ளையே காதைப் பொத்துவாரே, அந்தச் சத்தம் இவர் செட்டில் ஒருநாளும் வந்ததில்லை. "டேவிட்சன் செட்டு கத்தாதுப்பா" என்று யாராவது சொன்னால் போதும், வாடகை பேசுவதைக்கூட மறந்துவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரைக்குப் போட்டி. டிவிக்குள் இருக்கிற ஸ்பீக்கரில் கேட்பதெல்லாம் ஒரு கேட்பா என்று, கல்யாணத்துக்குப் போகிற பெரிய பாக்ஸ் ஒன்றைக் கூடத்துக்கு இழுத்து வந்து மாட்டிவிடுவார். அப்புறம் தெருவே எங்கள் வீட்டில்தான். பத்துப் பேருக்குக் காப்பி போடுவேன். இன்றைக்கு வேண்டாம் என்று ஒரு ஆளாவது சொல்ல வேண்டுமே.

எல்லாரும் பாட்டைக் கேட்க வந்தார்கள் என்றா நினைக்கிறீர்கள்? இவர் வாயைக் கேட்க வருவார்கள். ஒரு பையன் பாடி முடித்தான். "மூச்ச இழுக்குறது நல்லாக் கேட்டுச்சு. பாட்டு எப்ப வரும்?" என்றார். ஒரு பெண் அடிக்கு அடி குரலை நடுக்கி அழுதாள். "ஈரப்பதம் பதினேழுக்கு மேல போவுது. காயவச்சு எடுத்தாரச் சொல்லு" என்றார், நெல் கொள்முதல் நிலையத்தில் சொல்கிற அதே குரலில். அந்த வாரம்தான் குறுவை நெல்லை இரண்டு தடவை காயவைத்து எடுத்துப் போயிருந்த சாரங்கபாணி அண்ணன், எதிர்வீட்டுக்காரர், சிரித்த சிரிப்பில் காப்பியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். நடுவர்களையும் விடமாட்டார். "எதுக்கெடுத்தாலும் எந்திரிச்சு நிக்கிறாங்க, மூட்டு வலியே இல்ல போல."

நானும் சிரித்தவள்தான். அடுத்த வீட்டுப் பிள்ளையாக இல்லாதவரைக்கும் யாரைப் பேசினாலும் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

இந்த வருடம் எங்கள் ஊர்ப் பிள்ளையே போட்டிக்குப் போனாள். தமிழ்நிலா, இருபத்துமூன்று வயது. அவள் அம்மா மலர்க்கொடி எங்கள் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமையலர், நான் அமைப்பாளர். பன்னிரண்டு வருடமாக ஒரே புகையில் நின்று கண்ணைக் கசக்கியவர்கள் நாங்கள். என்னை அண்ணி என்பாள், அவரை அண்ணே என்பாள். அவளால் வேலையை விட்டுவிட்டுப் போக முடியாததால், நிலாவுக்குத் துணையாகச் சென்னையில் போய்த் தங்கியது மலர்க்கொடியின் அக்கா ரெங்கம்மாள். திருப்பனந்தாளில் வாழ்க்கைப்பட்டவர். ஊர் எல்லையில் நிலாவின் படத்தோடு ஃப்ளெக்ஸ் வைத்தோம். எத்தனையோ நூறு பேரில் பதினான்கு பேராகி, பதினான்கு ஒன்பதாகியும் எங்கள் பிள்ளை நின்றாள்.

அந்த ஒன்பது பேர் பாடிய ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது வினை. மலர்க்கொடி வழக்கம்போல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நிலா பாடினாள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. எல்லாரும் கைதட்டினோம். சுவரைப் பார்த்திருந்தவர் திரும்பவே இல்லை.

"என்ன டேவிட்சா, நம்ம புள்ளைக்கு எவ்வளவு மார்க்கு?" என்று சாரங்கபாணி அண்ணன் கேட்டார்.

"மைக்க முழுங்குது" என்றார் இவர். "ப வர்ற எடமெல்லாம் பொட்டு பொட்டுனு வெடிக்குது. மேல போவும்போது கொரலு நசுங்குது. போன வாரமும் அப்படித்தான். இப்படியே பாடுனா அனுப்பிருவாங்க."

பெற்றவள் பக்கத்தில் இருக்கிறாள் என்ற நினைப்பு வேண்டாமா? நான் அவர் நாற்காலியை ஒரு உதை விட்டேன். டிவியில் கடைசி மூன்று பேரை நிற்க வைத்தார்கள். அதில் நிலாவும் ஒருத்தி. அந்த மூவரில் ஒருவர் வரும் வாரம் வெளியே போக வேண்டும் என்றார்கள். மலர்க்கொடி காப்பி டம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். பாதிகூடக் குடித்திருக்கவில்லை.

அன்றைக்கு அவரை நான் திட்டியதை இங்கே எழுத முடியாது. "காதுல விழுந்ததச் சொன்னேன். பொய் சொல்லச் சொல்றியா?" என்றார். "உங்க காதைக் கழட்டி அந்த பாக்ஸுக்குள்ளயே வச்சுப் பூட்டுங்க" என்றேன்.

திங்கள், செவ்வாய், இரண்டு நாளும் மலர்க்கொடி என்னோடு அளந்துதான் பேசினாள். முட்டை எத்தனை, பருப்பு ஊறிவிட்டதா, அவ்வளவுதான். முகம் வீங்கிக் கிடந்தது. இந்த மனிதரின் வாய் பன்னிரண்டு வருடச் சிநேகிதத்தை இரண்டு நிமிடத்தில் தின்றுவிட்டதே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

புதன்கிழமை பூதலூரில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா. மொய் வைத்தவர்கள் பெயரை வாசிக்க ஒரு பெண் மைக்கை வாங்கியிருக்கிறாள். இவர் இருபத்தேழு வருடமாக எல்லாரிடமும் சொல்வதையே அவளிடமும் சொல்லியிருக்கிறார். "வாயோட ஒட்டி வச்சுப் பேசும்மா. தள்ளி வச்சா கேக்காது." சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டாராம்.

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. "எல்சி, அந்தப் புள்ளையக் கெடுத்தது நான்தான்" என்றார்.

எனக்கு முதலில் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. நிதானமாக விளக்கினார். செட்டு ஊளையிடக் கூடாது என்று மைக்கின் சத்தத்தை எப்போதும் அடக்கியே வைத்திருப்பார். அடக்கி வைத்தால் பாடுகிறவர் உதட்டை மைக்கோடு ஒட்டித்தான் பாட வேண்டும். நிலா ஏழு வயதில் மாரியம்மன் கோயில் திருவிழாவில் முக்காலி மேல் நின்று முதன்முதல் பாடியது இவர் மைக்கில். அதிலிருந்து பதினாறு வருடம், பள்ளி ஆண்டு விழா, பொங்கல் விழா, தெருக் கல்யாணங்கள், எல்லாமே இவர் மைக்கில். ஒவ்வொரு தடவையும் இவரே அவள் கையைப் பிடித்து மைக்கை வாயோடு அழுத்தி வைத்திருக்கிறார்.

"என் செட்டு கத்தாதுன்னு பேரு வாங்குறதுக்காக ஒரு ஊரையே மைக்க முழுங்க வச்சிருக்கேன். அதுக்கு மேல, முழுங்குதுன்னு நானே கொற சொல்றேன்" என்றார். "ஞாயித்துக்கெழமைக்கு முன்னால அவகிட்டச் சொல்லிரணும். நாலு வெரக்கடை தள்ளிப் புடிச்சாப் போதும், அவளை அசைக்க ஆளில்லை."

மலர்க்கொடியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று வியாழக்கிழமை சாயங்காலம் வரைக்கும் தயங்கினார். நான்தான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப் போனேன். வாசலில் நின்றபடியே சொன்னார். "மலரு, தப்பா நெனைக்காத. நெலாகிட்ட ரெண்டு வார்த்தை பேசணும். அவ நம்பரைப் போட்டுக் குடு."

மலர்க்கொடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே போய்ப் போனில் மெல்ல என்னவோ பேசினாள். ரொம்ப நேரம் கழித்து வந்து, "பேசுங்கண்ணே" என்று நீட்டினாள்.

ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார்.

"நெலா, மாமா பேசுறேம்மா."

"சொல்லுங்க மாமா."

"நீ மைக்க ஒட்டி வச்சுப் பாடுற. அதுனாலதான் வெடிக்குது. அது உன் தப்பு இல்லம்மா. ஏழு வயசுலேருந்து உனக்கு அப்படிப் பழக்கி விட்டவன் நான். என் செட்டு கத்தக் கூடாதுங்குற கொழுப்புல சத்தத்தக் கொறச்சே வச்சிருந்தேன். உன் கொரல்ல ஒரு கொறையும் கெடையாது. அது எனக்குத் தெரியும். தப்பு என்னோடது. முழுக்க என்னோடது."

அதோடு இவர் விடவில்லை. "நாலு வெரக்கடை தள்ளிப் புடி. கேக்காமப் போயிருமோன்னு பயப்படாத. அங்க இருக்குற மைக்கு எறும்பு ஊர்றதையும் புடிக்கும். வர்ற வாரம் அப்படிப் பாடு, என்ன?"

"சரிங்க மாமா. தள்ளி வச்சுப் பாடுறேன்."

"தொண்டை கட்டியிருக்கே. ஜலதோஷமா? ராத்திரி பால்ல மொளகு போட்டுக் குடி."

"குடிக்கிறேன் மாமா."

திரும்பி வரும்போது மனிதர் காற்றில் மிதந்தார். எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வயிற்றெரிச்சலும் இருந்தது. கல்யாணமாகி இருபத்துநாலு வருடத்தில் 'தப்பு என்னோடது' என்று என்னிடம் ஒரு தடவை சொன்னதுண்டா?

ஞாயிற்றுக்கிழமை ஐந்தரைக்கே பாக்ஸை மாட்டிவிட்டார். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் போடவில்லை. மைக்கை அவள் எங்கே பிடிக்கிறாள் என்று பார்க்க வேண்டுமாம், டிவிக்கு நேராகப் போட்டுக்கொண்டார். தெரு முழுக்க வந்துவிட்டது. மலர்க்கொடியும் வந்தாள். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் தீர்ந்தது என்று நினைத்தேன்.

நிலா மேடைக்கு வந்தாள். மைக்கை எடுத்து உதட்டோடு ஒட்டினாள்.

"தள்ளிப் புடிம்மா" என்றார் இவர், டிவியைப் பார்த்து. "தள்ளிப் புடி. சொன்னேன்ல?"

அவள் அப்படியேதான் பாடினாள். மேலே போகும்போதெல்லாம் குரல் நசுங்கியது. கத்துக்குட்டியான என் காதுக்கே தெரிந்தது. நடுவர் ஒருவர், குரல் தங்கம் என்றும் அதை மைக்குக்குள் போட்டு அமுக்கிவிட்டாள் என்றும் சொன்னார். பிறகு பெயரை வாசித்தார்கள். எங்கள் பிள்ளை எல்லாரையும் கும்பிட்டுவிட்டு மேடையை விட்டு இறங்கினாள்.

"அவ்வளவு சொல்லியும் கேக்கலையே இந்தப் புள்ள" என்றார் சாரங்கபாணி அண்ணன்.

"அவளைச் சொல்லாதீங்கண்ணே" என்றாள் மலர்க்கொடி. "இது எடுத்துப் பதினாலு நாளாச்சு."

எங்களுக்கு விளங்கவில்லை. முன்கூட்டியே எடுப்பார்கள் என்று தெரியும். மிஞ்சிப் போனால் இரண்டு நாள், மூன்று நாள் என்று நினைத்திருந்தோம். மலர்க்கொடிதான் சொன்னாள். அனுப்பிவிட்ட அன்றைக்கே ரெங்கம்மாள் நிலாவைத் திருப்பனந்தாளுக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார். டிவியில் வருகிற வரைக்கும் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். போன ஞாயிறு இதே இடத்தில் உட்கார்ந்து இவர் பேச்சைக் கேட்டபோதே மலர்க்கொடிக்கு எல்லாம் முடிந்துபோனது தெரியும். அந்த ஒரு வாரமும் வீங்கிக் கிடந்த முகத்துக்குக் காரணம் கோபம் இல்லை. நானோ அதைக் கோபம் என்று நினைத்து இவரைப் போட்டு வறுத்திருக்கிறேன்.

இவருக்கு முகம் செத்துவிட்டது. "அப்ப, வியாழக்கெழம நான் பேசுனது?"

"திருப்பனந்தாள்ல இருந்துதாண்ணே பேசுனா."

"முடிஞ்சு போனதுக்கப்புறம் போயி தள்ளிப் புடி, தள்ளிப் புடின்னு... எதுக்கு மலரு போனைப் போட்டுக் குடுத்த? அந்தப் புள்ள மனசு என்ன பாடு பட்டிருக்கும்?"

மலர்க்கொடி என் கையை விட்டுவிட்டு எழுந்து அவர் நாற்காலிக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"வந்ததுலேருந்து அவ யாரு மூஞ்சியையும் பாக்கலண்ணே. நமக்குக் கொரலே கெடையாது, ஊருதான் ஏத்திவிட்டு ஏமாத்திருச்சுன்னு சொவத்தப் பாத்துப் படுத்திருந்தா. அக்கா ஊட்டி விட்டாலும் துப்பிருவா. பத்து நாளு. அன்னிக்கு உங்ககிட்டப் பேசிட்டு, கொரல்ல கொற இல்லையாம்மா, மைக்குலதான் கொறையாம், மாமாவே சொல்றாருன்னு போன்ல எங்கிட்டச் சொல்லிச் சொல்லி அழுதா. ஜலதோஷம் இல்லண்ணே அது. அழுது முடிச்சுட்டு எந்திரிச்சுப் போயி, அவளே தட்டு எடுத்து வச்சு, பெரியம்மா சோறு போடுன்னு கேட்டாளாம்."

என் வீட்டுக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு, தெருவே பார்த்திருக்க, விம்மி விம்மி அழுதார். நானும்தான் அழுதேன்.