விளக்கு வைத்த பிறகு மாவு கிடையாது

போன செவ்வாய்க்கிழமை செல்வி என்னை வாசலில் நிற்க வைத்துக் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

உங்களுக்குத்தான் தெரியுமே... சாலவாக்கம் ரோட்டில், வீட்டு முன்னறையிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். பெருமாள் கோயில் திருவிழாவில் ஒருவர் விடாமல் நோட்டீஸ் கொடுத்தேன். இட்லி சாப்பிடாதவர் யார்?

ஆனால் பாதிப் பேர் வெளியூர். மீதிப் பேர் வீட்டில் கிரைண்டர் இருக்கிறது! மிஞ்சியதெல்லாம் புளித்தது. புளித்த தோசையே தின்று அலுத்த என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்: "இந்த மாசம் பாரு. போகலன்னா கிரைண்டர வித்துடலாம்."

அந்தக் கவலையோடுதான் செவ்வாய்க்கிழமை விளக்கேற்றிக் கும்பிட்டேன். கம்பெனி பஸ் வந்து நின்றது. விடியுமுன் வேலைக்குப் போன எங்கள் தெருப் பெண்கள் இறங்கினார்கள். அவர்களில் செல்வி நேராக என் வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, ரெண்டு கிலோ மாவு குடு."

"விளக்கு வெச்சாச்சும்மா. காலையில வா."

எங்கள் வீட்டு வழக்கம் அது. விளக்கு வைத்தபின் உப்பு, தயிர், மாவு எதுவும் வாசல் தாண்டக் கூடாது. மகாலட்சுமியும் கூடவே போய்விடுவாள்.

செல்வி இடுப்பில் கை வைத்தாள். "காலையில நான் பஸ் ஏறச்சொல்ல நீ கடையே தொறக்கல. இப்ப எறங்கச்சொல்ல விளக்கு வெச்சிட்டன்ற. நான் எப்பதான்கா வாங்கறது? இந்த பஸ்ல இருக்கற ஒருத்திக்கும் அரைக்க நேரமில்ல. நீ இன்னாடான்னா, கிரைண்டர் வெச்சிக்கினு கீறவங்களுக்குப் போய் நோட்டீஸ் குடுக்கற!"

"வுடுடி, அக்கா மாவ சாமிக்கே வித்துக்கட்டும்" என்றாள் பின்னால் நின்றவள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எல்லோருக்கும் என்று கடை வைத்தால், யாருக்கு என்பதே மறந்துபோகிறது.

மறுநாளிலிருந்து விடியற்காலையில் அரைப்பதில்லை, மதியம்தான். விளக்கேற்றுமுன் பாக்கெட் போட்டு, கூடையோடு வாசலுக்கு வெளியே வைத்துவிடுகிறேன். வழக்கமும் மீறவில்லை, பாருங்கள்! "சாமிகிட்டயே சாமர்த்தியமா?" என்றார் வீட்டுக்காரர். கூடை காலியானதைப் பார்த்தபின் கிரைண்டர் பேச்சை எடுக்கவில்லை.

மனசு உறுத்துவது வேறு விஷயம். விளக்கு வைத்ததும் மகாலட்சுமி வருவாளென்று தெருக்கதவைத் திறந்து வைக்கிறோமே – இத்தனை நாள், வந்தவளிடம் "காலையில வா" என்றல்லவா சொல்லியிருக்கிறேன்!