தண்ணீர் குடிக்காத பெண்பிள்ளைகள்

என் வகுப்பில் பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை. காலையில் வீட்டிலிருந்து கொண்டுவரும் பாட்டில் மாலையில் அப்படியே கனமாக வீட்டுக்குத் திரும்பும். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓடும் ஒரு கிராமத்து அரசு நடுநிலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த புதிதில் இதை நான் கவனிக்கவில்லை. கவனித்த பிறகு ஒருத்தியைக் கூப்பிட்டு, ஏன் கண்ணு குடிக்கவே இல்லை என்று கேட்டேன். அவள் குனிந்த தலை நிமிராமல், "குடிச்சா ஒண்ணுக்கு வருமுங்க டீச்சர்" என்றாள்.

கழிப்பறை இல்லாமல் இல்லை. டைல்ஸ் ஒட்டி, சுவரில் பூப்போட்டு, திறப்பு விழா நடத்திக் கட்டிய கழிப்பறை இருக்கிறது. அதற்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த போர்வெல் வற்றிவிட்டது. மேலும் ஆழம் போட்டார்கள், புகையும் கல்தூளும்தான் வந்தன. பிறகு தலைமையாசிரியர் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை மேசை டிராயருக்குள் வைத்துவிட்டார். பையன்கள் காம்பவுண்டுக்குப் பின்னால் வேலமரத்தடிக்கு ஓடிவிடுவார்கள். டீச்சர்கள் நாங்கள் பக்கத்து வீட்டில் கேட்டுப் போய்க்கொள்வோம். பெண்பிள்ளைகள் மட்டும் காலையில் கிளம்பியதிலிருந்து பொழுது சாயும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், அதற்கு நடுவில் நான் அவர்களுக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மழையைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். ஐப்பசியில் நிதானமாகப் பெய்து மண்ணுக்குள் இறங்க வேண்டியது, இப்போது ஒரே ராத்திரியில் கொட்டித் தீர்த்து, ரோட்டை அரித்துக்கொண்டு சாக்கடையோடு போய்விடுகிறது. மறுநாள் பள்ளிக்கு லீவு விடுகிறார்கள். அதற்கடுத்த மாதங்களில் ஒரு சொட்டு கிடையாது. சித்திரையில் அடிக்க வேண்டிய வெயில் மாசியிலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஆற்றுத் தண்ணீர் குழாயில் என்றைக்கு வரும் என்று திறந்துவிடுகிறவருக்கே தெரியாது. வருகிற அன்றைக்கு என் வகுப்பில் பாதிப் பெண்கள் இருக்கமாட்டார்கள். அம்மா தறிக்குடோனுக்குப் போயிருப்பாள், அதனால் குடம் பிடிப்பது மகளின் வேலை. மகனின் வேலை என்று ஏன் இல்லை என்று ஒரு பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். எல்லோரும் நான் ஏதோ ஜோக் சொன்னதுபோலச் சிரித்தார்கள்.

அறிவியல் புத்தகத்தில் பருவநிலை மாற்றம் என்று ஒரு பாடம் இருக்கிறது. பனிமலை உருகுகிற படம் போட்டிருப்பார்கள். எங்கள் பிள்ளைகளின் மூத்திரப்பையைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது.

எட்டாவதில் ஒரு பெண் இருந்தாள். கணக்கு என்றால் அவளுக்கு உயிர். நான் போர்டில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு, அப்புறம் மரியாதைக் குறைவாகப் போயிற்றோ என்று நாக்கைக் கடித்துக்கொள்வாள். அவளுக்கு அடிக்கடி அடிவயிற்று வலியும் குளிர்காய்ச்சலும் வர ஆரம்பித்தன. தறி ஓட்டும் அவள் அம்மா அரைநாள் கூலியை விட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனாள். நானும் கூடப் போனேன். சிறுநீர்த் தொற்று என்று மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரம்மா, "நிறையத் தண்ணி குடிக்கணும் பாப்பா, அடக்கவே கூடாது" என்றார். நல்லவர், தன் வேலையைச் சரியாகத்தான் செய்தார். ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

மூன்றாம் தடவை காய்ச்சல் வந்த பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். அம்மா என்னை உட்காரவைத்துவிட்டு நிதானமாகத்தான் பேசினாள்.

"புள்ள வயசுக்கும் வந்துபோட்டாளுங்க டீச்சர். அந்த நாள்ல தண்ணியில்லாத எடத்துல எப்படீங்க அனுப்பறது? நீங்களே சொல்லுங்க."

"படிப்புப் போயிருமேங்க. அவள மாதிரிக் கணக்குப் போடற புள்ள இந்த ஸ்கூல்ல வேற இல்ல."

"எனக்கும் ஆசதானுங்க. கக்கூசுக்குத் தண்ணி வரட்டும், அன்னிக்கே அனுப்பிப்போடறேன். இது சத்தியமுங்க."

அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் இனிப் படிப்பதும் படிக்காததும் ஒரு குழாயில் வந்து நின்றுவிட்டது. சினிமாவில் இப்படிக் காட்டினால் நம்பமாட்டோம்.

திங்கட்கிழமை மனுக் கொடுக்கும் நாளில் லீவு போட்டுக் கோயமுத்தூர் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். பள்ளியை ஒட்டிய ரோட்டோரத்தில்தான் ஆற்றுத் தண்ணீர்க் குழாய் போகிறது, அதிலிருந்து பள்ளிக்கு ஒரு இணைப்பு. கேட்டது அவ்வளவுதான். அது எங்கள் வேலை இல்லை என்று ஒரு மேசையில் சொன்னார்கள், அடுத்த மேசையில் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் விடவில்லை. திரும்பத் திரும்பப் போய் நின்றேன். கடைசியில், அதிகாரி ஒருவர் நேரில் வந்து பார்த்து, தண்ணீர் இல்லை என்று எழுதிக்கொடுத்தால் இணைப்புக் கிடைக்கும் என்றார்கள். வெள்ளிக்கிழமை வருகிறார் என்று பள்ளிக்குப் போன் வந்தது. அப்பாடா என்று பெருமூச்சு விட்டேன். எங்கள் ஊர் ஆட்களை நான் அப்போது முழுசாகத் தெரிந்துகொண்டிருக்கவில்லை.

எங்கள் கொங்குப் பக்கத்து மரியாதை ஊரறிந்த விஷயம். திட்டினாலும் 'ங்க' போட்டுத்தான் திட்டுவோம். வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் இல்லாததை இருப்பதாகக் காட்டி, கடன் வாங்கியாவது இலை போடுவோம். வியாழக்கிழமை மத்தியானம் நான் வகுப்பிலிருந்து வெளியே வந்து பார்க்கிறேன், தறி முதலாளி ஒருவர் அனுப்பிய தண்ணீர் லாரி பள்ளிக்குள் நின்றுகொண்டிருக்கிறது. மாடியில் இருந்த கருப்புத் தொட்டிக்கு ஓஸ் போட்டு ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாக்கள் ஆளுக்கொரு குடத்தோடு வந்து கழிப்பறையைத் தேய்த்துக் கழுவுகிறார்கள். வீட்டில் சேர்த்துவைத்திருந்த தண்ணீர். கணக்குப் போடும் அந்தப் பெண்ணின் அம்மாவும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அங்கே நிற்கிறாள்.

நேராகத் தலைமையாசிரியரிடம் போனேன். "சார், நிறுத்தச் சொல்லுங்க. அவர் பார்க்க வர்றதே தண்ணி இல்லைங்கறதைத்தான்."

"அதெப்படீங்க டீச்சர்? அத்தன தூரத்துலருந்து ஒரு ஆபீசர் வாரார். கக்கூசு போகோணும்னா எங்கெ அனுப்பறது? நம்ம ஸ்கூலு நாறிக் கெடந்தா நமக்குத்தானுங்க கேவலம்."

"நாறட்டும். அவர் மூக்கில ஏறட்டும். அப்பத்தான் எழுதுவாரு."

"கோவப்படாதீங்க. சித்த கம்முனு இருங்க. எல்லாம் வாயில சொல்லிக்கலாம்."

அந்த அம்மாவையும் பிடித்துக்கொண்டேன். நீங்களுமா என்று கேட்டேன். அவள் விளக்குமாற்றைக் கீழே வைக்காமலே, "என்ற புள்ள படிச்ச பள்ளிக்கூடமுங்க டீச்சர். வர்றவீங்க மூஞ்சியச் சுளிச்சா மனசு தாங்குமுங்களா?" என்றாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. சத்தம் போட்டேன், கெஞ்சினேன், லாரிக்காரரிடம் சண்டைக்கே போனேன். அவரும் சிரித்துக்கொண்டே, "முதலாளி சொல்லிப்போட்டாருங்க அம்மணி" என்று தொட்டியை நிரப்பிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை பள்ளி கல்யாண வீடாக இருந்தது. வாசலில் கோலம், மேசையில் இளநீர். நீரைச் சேமிப்போம் என்று பிள்ளைகளை விட்டே படம் வரையவைத்து வராந்தாவில் ஒட்டியிருந்தார்கள். நாளெல்லாம் ஒரு மடக்குக் குடிக்காத பிள்ளைகளிடம்தான் சேமிக்கச் சொல்கிறோம், வெட்கமில்லாமல். எல்லாரும் வர வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லியனுப்பியதால் அந்தப் பெண்ணும் சீருடை போட்டு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

அதிகாரி தன்மையான மனிதர். வெயிலில் களைத்துப்போய் வந்திருந்தார். கழிப்பறைக் கதவைத் திறந்து குழாயைத் திருகினார். பீய்ச்சிக்கொண்டு வந்தது. "பரவால்லையே, நல்லா வெச்சிருக்கீங்க" என்றார்.

"சார், இது நேத்து லாரியில கொண்டுவந்து ஊத்தினது. போர் வத்தி ரொம்ப நாளாச்சு" என்றேன். தலைமையாசிரியர் இருமினார். ஊர்ப்பெரியவர் ஒருவர் குறுக்கே வந்து, "கொஞ்சம் சிரமந்தானுங்க. ஆனா எப்படியோ சமாளிச்சுக்கறமுங்க, நீங்க மொதல்ல இளநியக் குடிங்க" என்றார். அதிகாரி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பிள்ளைகளையே கேட்டுவிடுவோம் என்று வகுப்புக்குள் வந்தார். முதல் பெஞ்சிலிருந்த அந்தப் பெண்ணைத்தான் கேட்டார்.

"பாப்பா, பாத்ரூம்ல தண்ணி வருதா?"

அவள் எழுந்து நின்றாள். ஜன்னலுக்கு வெளியே காலிக் குடத்தோடு நிற்கும் அம்மாவைப் பார்த்தாள். தலைமையாசிரியரைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். சொல்லு கண்ணு, சொல்லிவிடு என்று நான் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். வந்தவர்கள் மனம் கோணப் பேசக் கூடாது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த பிள்ளை அவள்.

"வருதுங்க சார்" என்றாள்.

அவளை நான் குறை சொல்லமாட்டேன். இத்தனை பெரியவர்கள் சேர்ந்து கட்டிய பொய்யை ஒரு குழந்தை தனியாக நின்று உடைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்? தண்ணீர் கிடைக்காததற்கு வானத்தைச் சொல்கிறார்கள். வானம் பொய்த்தது நிஜம்தான். அதற்குக் கீழே உட்கார்ந்துகொண்டு எல்லாம் நன்றாக இருக்கிறது என்று காட்டியது நாங்கள். ஊருக்கு மானம் பெரிது. பிள்ளைக்கு வலிப்பது ஊர்க் கணக்கில் வருவதில்லை.

அன்று அதிகாரியின் ஜீப் திரும்பிப் போன பிறகு ஒன்று நடந்தது. பூட்டில்லாத கழிப்பறை முன்னால் பெண்பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள், சின்னதிலிருந்து பெரியது வரை. வெளியே வந்ததும் பாட்டிலைத் திறந்து மடக் மடக்கென்று குடித்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வரிசைக்கு வந்தார்கள். சிரிப்பும் தள்ளுமுள்ளுமாக இருந்தது. அந்தப் பெண்ணும் முகம் கழுவிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட வந்து என் கணக்கு வகுப்பில் உட்கார்ந்தாள். திங்கட்கிழமையும் வந்தாள். செவ்வாய்க்கிழமை தொட்டி காலி. தலைமையாசிரியர் டிராயரிலிருந்து பூட்டை எடுத்தார். புதன்கிழமை அவள் இடம் காலியாக இருந்தது.

அடுத்த வாரம் என் போனுக்குச் செய்தி வந்தது. கள ஆய்வில் தண்ணீர் வசதி இருப்பது தெரியவந்ததால் என் மனு முடித்துவைக்கப்பட்டதாம். கூடவே, சேவை திருப்தியாக இருந்ததா என்று கேட்டு நட்சத்திரம் போடச் சொல்லியிருந்தார்கள்.

மாலையில் அவள் வீட்டுக்குப் போனேன். அம்மா தறிக்குப் போயிருந்தாள். அவள் மட்டும் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மனு இப்படியாகிவிட்டது, மறுபடியும் கொடுத்திருக்கிறேன் என்று சொன்னேன். சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. அவள் கை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அடுத்த ஆபீசர் எப்பங்க டீச்சர் வருவாங்க?" என்றாள்.

கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை, நிஜமாகத்தான் கேட்டாள்.

"எதுக்குக் கண்ணு கேக்கறே?"

"முன்னாலயே சொன்னீங்கன்னா, அன்னிக்கு ஸ்கூலுக்கு வந்தர்றேனுங்க."