சீப்புச் சத்தம்

பொழிச்சலூரில் எங்கள் வீட்டுக்கு மேலேதான் விமானம் தாழப் போகும். அப்போது பேச்சை நிறுத்திக்கொள்வோம். என் மனைவி கையை மட்டும் நிறுத்தமாட்டாள். மரச் சீப்பால் உள்ளங்காலைச் சொறிந்துகொண்டே இருப்பாள்.

பித்தக் குழாயில் புற்று. கண் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு. வலியைத் தாங்கினாள். அரிப்பு அவளைத் தூங்கவிடவில்லை.

அவள் அக்கா வந்து சமையலை எடுத்துக்கொண்டார். காமாலைக்குப் பத்தியம் என்று உப்பு, புளி, எண்ணெய் எல்லாவற்றையும் நிறுத்தினார். வெறும் கஞ்சி. இரண்டு வாய் குடித்து வைத்துவிடுவாள். வளையல் முழங்கை வரை ஏறியது.

தாம்பரத்து டாக்டர், என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார்.

"உப்பையே கண்ணுல காட்டல சார்" என்றார் அக்கா, பெருமையாக.

"இதுக்குப் பத்தியமே வேணாம்மா. வாய்க்குப் பிடிச்சதைக் குடுங்க."

என் மனைவி திரும்பிப் பார்த்தாள். "கேட்டுகினியாக்கா? நோவு பாதி கொன்னுச்சு, உன் கஞ்சி பாதி கொன்னுச்சு. போறப்போ நெத்திலிக் கருவாடு வாங்கு."

அடைப்பில் ஒரு சின்னக் குழாய் வைக்கலாம், கட்டி போகாது, அரிப்பு குறையும் என்றார் டாக்டர். நான் யோசித்தேன். அவள் யோசிக்கவில்லை.

"கட்டி கெடக்கட்டும் சார். நான் தூங்கணும்."

வைத்தார்கள். கொஞ்ச நாளில் அரிப்பு அடங்கியது. ஒரு மதியம் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். மேலே விமானம் போனது. அசையவில்லை. அக்கா பாத்திரத்தைக்கூடக் கழுவாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மழைக்காலம் முழுக்க நன்றாக இருந்தாள். திருநீர்மலை அடிவாரம் வரை போய்க் கும்பிட்டு வந்தோம். பிறகு குழாய் அடைத்துக்கொண்டது. இன்னொன்று வைக்க உடம்பில் தெம்பில்லை. மறுபடி சீப்பு. அவள் கை ஓய்ந்த பிறகு நான் சொறிந்துவிட்டேன்.

"அழுத்திப் போடுய்யா" என்பாள். அழுத்தினால் ரத்தம் வரும்.

அவள் போன அன்று சீப்பை அவளோடேயே வைத்து அனுப்பிவிட்டேன். ஆனாலும் வீட்டில் அந்தச் சத்தம் இருக்கிறது. விமானம் போகும்போது கேட்காது. போய் முடிந்ததும் காது அதைத் தேடும். சர்க், சர்க் என்று ஆரம்பிக்கும். "அழுத்தவா?" என்று ஒருமுறை வாய்விட்டுக் கேட்டுவிட்டேன்.

எப்போதாவது அக்கா கருவாட்டுக் குழம்பு கொண்டுவருவார். அன்று சத்தம் வராது. நானும் கதவை மெதுவாகத்தான் சாத்துவேன்.