நான் அனுப்பாத மாப்பிள்ளை

போன வருடம் ஆடி முடிந்து, கல்யாணப் பேச்சுகள் மறுபடி சூடு பிடித்த சமயத்தில் ஆரம்பித்தது இது. கிணத்துக்கடவில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் திருமணத் தகவல் மையம் நடத்துகிறேன். ஜாதகம், போட்டோ, குடும்ப விவரம் எல்லாம் கம்ப்யூட்டரில்தான். பொள்ளாச்சியில் இருந்து அவிநாசி வரைக்கும் எந்த வீட்டுப் பெண்ணுக்கு என்ன நட்சத்திரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

எங்கள் பக்கத்தில் நட்சத்திரம் பார்ப்பதற்கு முன்னால் கூட்டம், அதாவது குலப்பிரிவு, பார்க்க வேண்டும். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே கூட்டம் என்றால், எத்தனை தலைமுறை தள்ளி இருந்தாலும் அண்ணன் தங்கை முறை. பேச்சே எடுக்கக் கூடாது. அதனால் ஒரு ஜாதகம் வந்தால் முதலில் அதே கூட்டத்துக்காரர்களை எல்லாம் கழித்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பேன். இதற்கே அரை நாள் போய்விடும்.

காரமடையில் இதே தொழில் செய்கிற ஒருவர், என்னை அக்கா என்று கூப்பிடுபவர், ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது ஒரு பென் டிரைவைக் கையில் கொடுத்தார். பொருத்தம் பார்க்கிற புது சாஃப்ட்வேர். கூட்டம், தோஷம் எல்லாவற்றையும் அதுவே கழித்துவிடும் என்றார். வீட்டுக்கு வந்து செருகினேன். உடனே, இது ஆபத்தானது, தடுத்துவிட்டேன் என்று திரையில் சிவப்பாக எழுத்து வந்தது. அவருக்கே போன் போட்டேன்.

"அது எல்லாத்துக்கும் அப்படித்தானுங்க்கா கத்தும். செட்டிங்ஸ்ல போயி ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிப்போட்டு ஏத்துங்க. நானும் அப்படித்தான் வெச்சிருக்கறனுங்க" என்றார்.

கம்ப்யூட்டர் வாங்கும்போதே அதற்குள் இருந்த ஆன்டிவைரஸ் அது. நிஜமாகவே அணைக்கட்டுமா என்று ஒரு தரம் கேட்டது. ஆமாம் என்று அழுத்தினேன். ஆனால் அது லேசில் விடவில்லை. கம்ப்யூட்டரை மூடித் திறந்தால் தானாக விழித்துக்கொண்டு, நான் ஏற்றியதை அழித்துப் போட்டது. எரிச்சலாக வந்தது. நிரந்தரமாக அணைத்து வைக்க ஒரு வழியை அவரே போனில் சொல்ல, அதையும் செய்துவிட்டேன். மூலையில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி மட்டும் நின்றது. என் வீட்டுக்காரர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்புள்ள, செவப்பா என்னமோ நிக்குது?" என்று கேட்டார். "அது கெடக்குதுங்க" என்றேன்.

சாஃப்ட்வேர் என்னவோ பிரமாதமாகத்தான் வேலை செய்தது. அரை நாள் வேலை, டீ ஆறுவதற்குள் முடிந்தது.

சில மாதம் கழித்து, ஒரு வேலை நாள் காலையில் பீளமேட்டில் இருந்து ஒரு அம்மாவின் போன் வந்தது. அவருடைய மகள் அங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். முதல் கல்யாணம் ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. அப்பா இல்லை. மறுமணத்துக்கு அந்தப் பெண்ணைச் சம்மதிக்க வைக்கவே அந்த அம்மா படாதபாடு பட்டார். தன்னைக் கேட்காமல் யாருக்கும் போட்டோ கொடுக்கக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே கண்டிஷன். பெண்ணின் விவரங்களோடு அதையும் எழுதி வைத்திருந்தேன். வீட்டில் அம்மாவும் மகளும் மட்டும்தான் என்றும் எழுதி வைத்திருந்தேன்.

அன்றைக்கு அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். "ஏனுங்க அம்மணி, நீங்க சொல்லி உட்ட மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பேசுனாங்க. நல்ல மரியாதையான சனமுங்க. இன்னைக்குக் காரமடைக் கோயில்ல வெச்சுப் பொண்ணுப் பாக்கலாம்னாங்க. உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிரலாம்னு கூப்புட்டேன்."

முதல் தடவை கோயிலில் வைத்துப் பார்ப்பது எங்கள் பக்கம் வழக்கம்தான். ஆனால் நான் யாரையும் அனுப்பவில்லை.

வேறு யாராவது தரகராக இருக்கும் என்று நினைத்து விசாரித்தேன். இல்லை, என் பெயரைச் சொல்லித்தான் பேசியிருக்கிறார்கள். பெண்ணின் நட்சத்திரம், பாதம், முதல் கல்யாணம் எப்படி முறிந்தது என்பது வரை தப்பில்லாமல் சொல்லியிருக்கிறார்கள். தன்னைக் கேட்காமல் நான் கொடுத்துவிட்டேனே என்று அந்த அம்மாவுக்கு முதலில் வருத்தமாம். நல்ல இடமாக இருக்கப்போய்த்தான் கொடுத்திருப்பேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டாராம்.

பெண்ணை அழைத்துப்போக அவர்களே கல்லூரி வாசலுக்குக் கார் அனுப்புகிறார்களாம். அம்மாவைப் பிறகு வழியில் ஏற்றிக்கொள்வார்களாம். பெரியவர்கள் பார்ப்பார்கள், நகை போட்டு வரட்டும் என்றும் சொன்னார்களாம். இருந்ததை எல்லாம் போட்டுத்தான் காலையில் மகளை அனுப்பியிருக்கிறார்.

"என்ன கூட்டம்னு கேட்டீங்களாங்க?" என்றேன்.

"அத நான் எதுக்குங்க கேக்கோணும்? நீங்க பாத்துக் கழிச்சுத்தானே அனுப்புவீங்க."

உண்மையைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு அலறல், பிறகு போன் கட் ஆனது. ஆட்டோ பிடித்துக் கல்லூரிக்கு ஓடியிருக்கிறார். நான் அந்தப் பெண்ணின் நம்பருக்கு அடித்தேன். எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்ததே தவிர எடுக்கவில்லை. தோப்பில் இருந்த வீட்டுக்காரரை வரச்சொல்லி, கட்டிய புடவையோடு காரில் ஏறினேன். அவள் அந்தக் காரில் போய்விட்டாள் என்றே முடிவு செய்துவிட்டேன். அவள் போட்டோ கண்முன்னால் வந்து வந்து நின்றது. பெற்ற மகளுக்கு ஆனதுபோல வாய்விட்டு அழுதேன்.

ஈச்சனாரி தாண்டும்போது அவளே கூப்பிட்டாள்.

"காலேஜுக்குள்ளதானுங்க ஆன்ட்டி இருக்கறேன். அம்மாவும் வந்துட்டாங்க. நான் கார்ல ஏறலீங்க."

நடந்தது இதுதான். வாசலில் கார் வந்து நின்றிருக்கிறது. பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண்மணி இறங்கி, வா கண்ணு என்று கையைப் பிடித்து, தலையில் பூ வைத்துவிட்டிருக்கிறார். ஏறப்போகும்போது பேச்சுக்கு இவள், நீங்க என்ன கூட்டமுங்க என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண்மணி சற்றுத் தயங்கிவிட்டு, இவளுடைய கூட்டத்தின் பெயரையே சொல்லியிருக்கிறார். ஒரே கூட்டம் என்றால் இன்னும் பொருத்தம் என்று நினைத்தார்களோ என்னவோ! என் கம்ப்யூட்டரில் இருந்ததை அப்படியே படித்து வந்தவர்களுக்கு அந்த முறை மட்டும் தெரியவில்லை. போன் டிபார்ட்மென்ட்டில் இருக்கிறது, எடுத்துக்கொண்டு வாரேன் என்று சொல்லிவிட்டு இவள் உள்ளே வந்துவிட்டாள். வாட்ச்மேனோடு திரும்பிப் போய்ப் பார்த்தபோது காரைக் காணோம்.

புகார் கொடுத்தோம். சைபர் போலீஸில் இருந்து ஒரு பெண் அதிகாரி என் கம்ப்யூட்டரைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "இத யாரு ஆஃப் பண்ணி வெச்சது?" அந்த பென் டிரைவில் சாஃப்ட்வேரோடு வேறொன்றும் சேர்ந்து வந்து, நான் சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் வெளியே அனுப்பியிருக்கிறது. அது யார் யார் கைக்கு விலை போனதோ, காரில் வந்தவர்கள் யாரோ, இன்னும் விசாரணையில்தான் இருக்கிறது. காரமடைக்காரரின் கம்ப்யூட்டரிலும் அதே கதை. பாவம், அவருக்கும் வேறு யாரோ கொடுத்ததுதான். வெறும் நகைக்காக மட்டும் வந்திருந்தால் சந்தோஷப்படுங்கள் என்று அந்த அதிகாரி சாதாரணமாகச் சொன்னார்.

என்னிடம் ஜாதகம் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போன் செய்து நடந்ததைச் சொன்னேன். திட்டியவர்கள் நிறைய. ஒரு அப்பா நேரில் வந்து, தன் கண்முன்னாலேயே மகளின் போட்டோவை அழிக்கச் சொல்லி நின்றார். அழித்தேன்.

பீளமேட்டுக்கும் போனேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குள் போய்விட்டார். மகள்தான் எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா உங்கள நம்பித்தானுங்க ஆன்ட்டி என்னய அனுப்பி வெச்சாங்க. நீங்க எங்க கூட்டத்துல ஒருத்தர அனுப்பவே மாட்டீங்கன்னு நானும் உங்கள நம்பித்தானுங்க ஏறாம நின்னேன்" என்றாள்.

கோபத்தில் சொன்னாளா, ஆறுதலுக்குச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் சொன்ன இரண்டும் உண்மை என்பது மட்டும் தெரியும்.