ஐஸ் அறையில் மாட்டிய கதாநாயகியும் ஸ்டெல்லா அக்காவும்

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார். நேற்று மதியம்.

எண்பது, தொண்ணூறுகளில் மண்ணூர்பேட்டையில் இருந்தவர்களுக்குத் தெரியும்... வீட்டு முன்னறையில் வாடகை நூலகம் நடத்திய அதே அக்காதான்.

சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி இல்லை, டியூப் இல்லை, இழுத்துக்கொண்டு கிடக்கவில்லை. எனக்குத் துக்கத்தைவிட நிம்மதிதான் அதிகம். மறைத்து எழுத எனக்கு வராது.

அக்கா அப்படி நோகாமல் போனார் என்பதை என் மனைவி கலாதான் நம்பவில்லை. அக்காவின் மகனைத் தனியாகக் கேட்டாள். மருமகளைத் தனியாகக் கேட்டாள். பக்கத்து வீட்டிலும் போய்க் கேட்டாள். மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்ன பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஏன் சார், மேடம் போலீஸ் மாதிரி விசாரிக்கிறாங்க?" என்று அந்த மகன் கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

தொண்ணூற்று மூன்று. எனக்கு இருபத்தேழு வயது, டிப்ளமோ, இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை. கலாவுக்கு ஏழாம் மாதம். அதற்கு முன் ஒரு பிள்ளை தங்கவில்லை... அதனால் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது, பிரஷர் ஏறக் கூடாது, மனதை அலட்டிக்கொள்ளவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

அப்படிப்பட்டவள் படித்தது என்ன? காதலும் மர்மமும் கலந்த மாத நாவல். இரண்டு பாகம்.

"இந்த நேரத்துல இதெல்லாம் எதுக்கு?" என்று கத்தினேன். "அப்போ நீ வந்து படு. நான் கம்பெனிக்குப் போறேன்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன்.

முதல் பாகத்தின் கடைசி வரியில் ஐஸ்கிரீம் கம்பெனியின் குளிர் அறைக்குள் கதாநாயகியைத் தள்ளி எவனோ கதவைச் சாத்திவிடுகிறான். கதாநாயகியும் மாசமாக இருக்கிறாள். போதுமா?

பலர் கை மாறி இரண்டாம் பாகம் திரும்பி வந்ததும், கலாவுக்கு எடுக்கப் போன நான் அக்கா வீட்டில் நின்றபடியே கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். கதாநாயகன் கதவைத் திறக்கும்போது அவள் உயிரோடு இல்லை.

அக்காவின் புத்தகங்களில் பின்னால் உள்ள வெற்றுப் பக்கம் படித்தவர்கள் கருத்து எழுதுவதற்கு. அதைப் பார்த்துத்தான் அடுத்தவர்கள் எடுப்பார்கள். இதில் அதற்குள் ஏழெட்டுக் கருத்து.

"பாவி, கொன்னுட்டான்." "ஹீரோ தண்டம்." "ரெண்டு நாளா சோறு எறங்கல." "இந்த ரைட்டரு அக்கா தங்கச்சியோட பொறக்கலியா?"

அக்கா புத்தகத்தைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். "இது கலா கைக்குப் போவக் கூடாது தம்பி. பைண்டிங்குக்குப் போயிருக்குன்னு சொல்லிடு. மத்தத நான் பாத்துக்கறேன்."

படித்த எல்லோரையும் பிடித்து, கலா கேட்டால் கதாநாயகி பிழைத்துவிட்டாள் என்று சொல்லும்படி உத்தரவு போட்டார். நல்ல திட்டம். எப்படிப் பிழைத்தாள் என்று மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை.

எதிர்வீட்டு மல்லிகா வந்தாள். "ஹீரோ கோடாலிய எடுத்து ஒரே போடு... கதவு தூள்!"

மறுநாள் பக்கத்துத் தெரு சரோஜாம்மா. "கரண்டு பூட்ச்சும்மா. ஐஸு மொத்தம் உருகிடுச்சி. அம்மாடின்னு எழுந்து உக்காந்துகினா."

ஞாயிற்றுக்கிழமை ரிட்டயர்டு தபால்காரர் ஒருவர். பிஸ்கட் பொட்டலத்தோடு வந்து, போலீஸ் நாயை விட்டுக் காப்பாற்றினார்.

அன்று மாலை அக்கா சர்ச்சில் பூசை முடிந்து நேராக வீட்டுக்கு வந்தார். கலா எழுந்து உட்கார்ந்தாள். "அக்கா, மூணு பேரு மூணு விதமா காப்பாத்தறாங்க. அவ செத்துட்டா. அதானே?"

அக்கா தலையைக் குனிந்துகொண்டார். கலாவின் கை வயிற்றின் மேல் இருந்தது. கண் நிறைந்துவிட்டது. மூச்சு வேகமாக வாங்க ஆரம்பித்தது... எனக்குக் கை கால் ஓடவில்லை.

ஓடாத நேரத்தில் எனக்கு வருவது எரிச்சல்தான்.

"யோவ், அவ சாகவே முடியாதுய்யா!" என்று யாரையோ பார்த்துக் கத்தினேன். "கோல்ட் ரூம் கதவுக்கு உள்பக்கம் ஒரு கம்பி இருக்கும். வெளியே பூட்டியிருந்தாலும் அதைத் தள்ளினா தொறக்கும். வாரத்துக்கு நாலு கதவு நான் மாட்டிகினு கீறேன், எனக்குத் தெரியாதா? அந்த ரைட்டர் எந்த கோல்ட் ரூமைப் பாத்தான்? மடையன்!"

கலா என்னையே பார்த்தாள். "நெஜமா? சும்மா சொல்லலியே?"

"நாளைக்கு ஒரு கதவையே வண்டில ஏத்திக் கொண்டாரவா? தள்ளிப் பாக்கறியா?"

முதலில் அக்காதான் சிரித்தார். பிறகு கலா சிரித்தாள். கட்டில் ஆடும்படி சிரித்தாள். மெதுவாகச் சிரி என்று அதற்கும் கத்தினேன்.

அக்கா கைப்பையிலிருந்து இரண்டாம் பாகத்தை எடுத்து, பேனாவையும் நீட்டினார். "எழுது தம்பி. இத்தினி பேரு பொலம்பி வெச்சிருக்காங்க, உருப்படியா ஒரு கருத்து வரட்டும்."

படமே வரைந்தேன். கதவு, கம்பி, எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று ஒரு அம்புக்குறி. அதைப் பார்த்துவிட்டு, கலா அந்த நாவலை முதலிலிருந்து நிதானமாகப் படித்து முடித்தாள். அதற்குப் பிறகு எடுத்தவர்கள் என் படத்துக்குக் கீழே "அப்பாடா" என்று எழுதிவைத்ததாக அக்கா சொல்வார்.

தை மாதம் பிரசவம். ஆஸ்பத்திரியிலிருந்து மொபெட்டில் நேராக அக்கா வீட்டுக்குத்தான் போனேன். புத்தகம் மாற்ற நாலைந்து பெண்கள் நின்றிருந்தார்கள். வாசலிலிருந்தே சொன்னேன். "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க."

எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். மல்லிகாதான் மெதுவாகக் கேட்டாள். "நெஜமாத்தானே அண்ணா? இல்ல... எங்கள மாதிரியா?"

அக்கா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். "போடி இவளே. இந்தத் தம்பிக்குப் பொய் சொல்ல வந்தா எப்பவோ முன்னுக்கு வந்திருக்கும். நெஜந்தான்."

சொல்லிவிட்டு மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் நிற்கவில்லை, பிளாஸ்க்கில் வெந்நீர் வாங்க வேண்டியிருந்தது.

அன்று பிறந்த என் பெண் இப்போது பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறாள். நசரத்பேட்டை தாண்டிவிட்டாளாம், கிட்ட வந்துவிட்டாள். அவள் வந்ததும் அடக்கம்.

சிரமப்படாமல் போனீர்கள் அக்கா... போய் வாருங்கள்.